ஜப்பானியரின் பழைய மருந்தும் புதிய பரீக்ஷையும்

முதுமையில் வரும் மறதி நோய், நோயாளியை மட்டும் வருத்துவதன்று. பெற்ற மகனையே யாரென்று கேட்கும் தகப்பனார் நள்ளிரவில் எழுந்து வெளியே கிளம்புகிறார். தடுப்பவரை அடிக்கக் கை ஓங்குகிறார். இல்லாத திருடனைக் கண்டு கூச்சலிடுகிறார். ஞாபகம் போனதைக் குடும்பத்தார் எப்படியோ சகித்துக்கொள்கின்றனர். இந்தக் கலக்கத்தைத்தான் சகிக்கமாட்டாமல் தவிக்கின்றனர். உலகத்தில் ஐந்தரைக் கோடி ஜனங்களுக்கு மேல் இந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

இக்கலக்கத்தை அடக்க, மேனாட்டு வைத்தியர்கள் சித்தப்பிரமைக்குரிய மருந்துகளை வழங்கி வந்தனர். அவற்றுள் புதிய ரகத்தை உட்கொள்ளும் மறதி நோயுற்ற முதியோரிடையே மரணம் அதிகப்படுகிறதென்று அமெரிக்க மருந்து இலாகா 2005-ம் வருஷத்தில் எச்சரித்தது. அதே வருஷத்தில், ஜப்பானில் ஸெண்டாய் நகரத்துத் தோஹோகு சர்வகலாசாலை வைத்தியர்கள் ஒரு பழைய மூலிகை மருந்தைச் சோதித்த முடிவைப் பிரசுரித்தனர்.

அம்மருந்தின் பெயர் யோகுகான்ஸான். ஈரலின் உக்கிரத்தை அடக்கும் சூரணம் என்பது பொருள். கோபத்துக்கு ஈரலே இருப்பிடம் என்பது அவ்வைத்திய முறையின் கொள்கை. அதிமதுரமும், கொக்கி போல வளைந்த முட்களையுடைய ஒரு கொடியும் உள்ளிட்ட ஏழு சரக்குகள் இதில் சேர்கின்றன. பதினாறாம் நூற்றாண்டுச் சீன தேசத்துப் பால வைத்திய நூலொன்றில், இரவில் வீறிட்டழும் குழந்தைகளுக்காகச் சொல்லப்பட்ட மருந்து இது. தாயும் உடன் உட்கொள்ள வேண்டுமென்பது விதி. குழந்தையின் கலக்கத்துக்கு ஏற்பட்டது கிழவரின் கலக்கத்துக்கும் உதவுமா என்பதே கேள்வி.

ஸெண்டாய் வைத்தியர்கள் 52 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, 27 பேருக்கு மட்டும் நான்கு வாரம் இம்மருந்தைக் கொடுத்தனர். அவர்களிடம் பிரமையும் ஆவேசமும் குறைந்தன. அன்றாடக் காரியங்களைச் செய்யும் சக்தி சற்று விருத்தியடைந்தது. ஆனால் ஞாபக சக்தி மீளவில்லை. மேலும், இச்சோதனையில் போலி மருந்து கொடுத்து ஒப்பிடவில்லை. அக்குறையை நீக்கி, 145 நோயாளிகளைக் கொண்டு ஜப்பானிய வைத்தியர்களே நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. நான்கு வார முடிவில், மொத்தத்தில் போலி மருந்துக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை; சில பிரிவினரிடம் மாத்திரமே ஆவேசம் தணிந்ததற்கு அறிகுறி தென்பட்டது.

சுதேச வைத்தியத்தின் பெருமை பேசுவோர் 2017-ம் வருஷத்து முடிவை மறைக்க விரும்பலாம். அதை இகழ்வோர் 2005-ம் வருஷத்து முடிவை எள்ளி நகையாடலாம். இருவர் செய்கையும் நியாயமன்று என்பதே நம் அபிப்பிராயம். ஜப்பானியரின் சரித்திரத்தைப் பாருங்கள். 1883-ல் அவர்களது அரசாங்கம் மேனாட்டு வைத்தியத்தில் தேறியவர்க்கே அநுமதிச் சீட்டு என்று விதித்தது. பழைய முறைக்கு இடம் கேட்ட மசோதாவை 1895-ல் அவர்களது பார்லிமெண்டு நிராகரித்தது. அப்படித் தள்ளப்பட்ட மருந்துகளை 1976 முதல் தேசிய இன்ஷூரன்ஸில் பரவலாகச் சேர்த்து, மேனாட்டு முறை கற்ற வைத்தியர்களே எழுதிக் கொடுக்கின்றனர். பாட்டன் சொத்தை அவர்கள் குப்பையிலும் எறிந்துவிடவில்லை. பூஜையறையில் வைத்துப் பூட்டிவிடவும் இல்லை. உரைகல்லில் உரைத்துப் பார்த்தனர். மாற்றுக் குறைவென்று கண்ட இடத்தில் அதையும் உலகறியச் சொன்னார்கள். இதுவே உண்மையான தேசாபிமானம்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மூலிகையென்பதால் தீங்கற்றதென்று நினைப்பது பிழை. இதிலுள்ள அதிமதுரம் சிலருக்கு இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்து, வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் உண்டாக்கக்கூடும். ஆகையால் வைத்தியரைக் கலவாமல் எவரும் இதைத் தேடியலைய வேண்டாம். நம்மைத் தோளில் சுமந்தவர்கள் இன்று நம் முகத்தை மறந்துவிட்டார்கள். அவர்களை வைத்து வீண் பெருமையைப் பரீக்ஷித்துப் பார்க்க நமக்கு உரிமையில்லை.