அரைப்பேரும் நிறைவாழ்வும்

தோட்டத்துத் தமிழிலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனியான ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கணக்கப்பிள்ளை பேர் போட்டால் அன்றைய கூலி கிடைக்கும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக் களத்திற்குப் பிந்தி வந்தவருக்குப் பேரே விழாத நாளும் உண்டு. மழையிலும் குளிரிலும் மலையில் நின்று கொழுந்து பறித்த ஒரு தாய், "இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்" என்று சொல்லும்பொழுது கூலிக் கணக்கையே சொல்கின்றாள். ஆயினும் அச்சொல்லினுள்ளே ஒரு பெருந்துயரம் அடங்கியிருக்கின்றது. முழு மனுஷியாகிய ஒருத்தி, ஏட்டிலே பாதி ஆளாக எண்ணப்படுகின்றாள் அன்றோ?

நேயர்களே, கிறிஸ்தவ வேதத்தில் யோவான் எழுதிய நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை இந்தச் சொல்லோடு சேர்த்து நோக்குவது பயனுடைத்து. நல்ல மேய்ப்பனைப் பற்றிய உவமை அங்கே வருகின்றது. அம்மேய்ப்பன் தன் ஆடுகளைத் தொகையாக எண்ணி ஓட்டுபவன் அல்லன். ஒவ்வொன்றையும் அதனதன் பெயரைச் சொல்லி அழைப்பவன். அதே அதிகாரத்தில், சில வசனங்களின் பின், தாம் வந்தது மனிதர்க்கு வாழ்வு உண்டாகவும் அது நிறைவாக உண்டாகவுமே என்னும் கருத்தை இயேசு வெளியிடுகின்றார். பெயர் சொல்லி அழைத்தலும் நிறைவாழ்வும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அன்று. அரைப்பேராக எவரையும் எண்ணாத இடத்திலேதான் நிறைவாழ்வு தொடங்குகின்றது.

எனினும், வறுமையிலே உழல்பவரிடத்தில் நிறைவாழ்வைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழுதல் இயல்பு. சமயம் ஏழையை உறங்கவைக்கும் மருந்து என்று குறைகூறுவோரும் உளர். இவ்வினாவிற்குப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் சான்றாகக் கொண்டு விடை தேடுவோம். ஊவாவிலே பௌத்தருக்கு முதியங்கனை விகாரையும், தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வணங்கும் கதிர்காமமும் உண்டு. தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் சைவ, வைணவ நெறிகளைச் சார்ந்தவர். கிறிஸ்தவர் சிறு தொகையினரே. ஆயினும் அச்சிறு தொகையினரின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக நம்முன் நிறுத்துகின்றது.

பதுளை நகரிலே பரிசுத்த மாற்கு ஆலயம் என்னும் பழைய தேவாலயம் ஒன்று உண்டு. 1857ஆம் ஆண்டில் எழுந்த இவ்வாலயம், மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக அமைக்கப்பட்டது. அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்றவர்; 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அவருடைய பெயர் கல்லிலே நிலைத்துவிட்டது. அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்த ஏழைகள் பலர், வாந்திபேதியினாலும் பசியினாலும் வழியிலேயே மடிந்தனர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. பெயர் யாருக்கு உரியது என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது.

1854ஆம் ஆண்டிலே சர்ச் மிஷனரி சங்கத்தார், கண்டியை நடுவாகக் கொண்டு, தோட்டத் தமிழரிடையே ஓர் ஊழியத்தைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதாகும். கோப்பித் தோட்டத் துரைமாருள் சிலர் அதற்கு முன்னின்று பொருளுதவி செய்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். இவ்வூழியத்திற்கு இரண்டு முகங்கள் இருந்தன என்பதை மறைத்தல் ஆகாது. துரையின் பணத்தால் நடக்கும் ஊழியம், துரையின் கணக்கேட்டைக் கேள்வி கேட்பது அரிது. பொறுமையும் கீழ்ப்படிதலுமே வேதத்தின் முழுச் செய்தி என்று தொழிலாளி எண்ணிக்கொள்ள அது இடமளித்தது. கடனைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குப் போக இயலாத முறை, 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை நிலவியது.

ஆயினும் மற்றொரு முகமும் உண்டு. உபதேசியார் லயத்தின் வாசலுக்கே வந்தார். தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவித்தார். ஞானஸ்நானத்தின்போது அப்பிள்ளை எண்ணாலன்றிப் பெயரால் அழைக்கப்பட்டது. லயத்துக் காம்பிராவில், மெல்லிய சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்க, மாலை ஜெபமும் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் ஒலித்தன. பகலெல்லாம் பிறர் ஏவலைக் கேட்ட செவி, தன்னைப் பெயர் சொல்லி அழைப்பவர் ஒருவர் உளர் என்பதை அங்கே கேட்டது. இதனை ஆறுதல் என்று மட்டும் கொள்வது போதாது. தன்னை முழு மனிதனாக அறிந்துகொண்டவன், அரைப்பேரைத் தன் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளான்.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டமும் வந்தது. அதனால் இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று தீர்த்தது. மக்களைக் கேளாமலே மக்கள் தொகைகளாகப் பிரிக்கப்பட்டனர். பதுளையிலும் பண்டாரவளையிலும் புகைவண்டி நிலையங்களிலே உறவினர் கட்டிப்பிடித்து அழுது பிரிந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களில் பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே பெரும்பாலும் தீர்ந்தது.

இத்துயர காலத்திலேதான் ஊவாவின் திருச்சபையில் ஒரு புதிய திருப்பம் தோன்றியது. 1972ஆம் ஆண்டின் இறுதியில், பதுளை, மொனறாகலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்டு பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. கண்டியின் ஆயராக 1959 முதல் விளங்கிய லியோ நாணயக்கார ஆண்டகை, அப்பெரிய பீடத்தை விட்டு, இவ்வறிய புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். சிங்களவரான அவர், தமிழ்த் தொழிலாளரின் லயங்களையும் சிங்கள விவசாயிகளின் குடிசைகளையும் தம் பணிக்களமாகக் கொண்டார். பண்டாரவளையில் 'சேவக செவன' என்னும் பயிற்சி நிலையம் அமைத்து, குருமாணவர் ஏழை மக்களிடையே வாழ்ந்து அவர்களிடமிருந்தே கற்கவேண்டும் என்று வழிவகுத்தார். கண்டியிலே 1972ஆம் ஆண்டில் 'சத்தியோதயம்' என்னும் நிலையத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பெர்ஸ் அடிகளும் தோட்ட மக்களின் உரிமைக்காகப் பல்லாண்டு உழைத்தார். பொறுத்திரு என்று மட்டும் சொன்ன பழைய குரல், எழுந்து நில் என்று சொல்லவும் கற்றுக்கொண்டது.

லியோ ஆண்டகையோடு பணியாற்றியவருள் மைக்கல் றொட்றிகோ அடிகளும் ஒருவர். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த இப்பேரறிஞர், 1980ஆம் ஆண்டில் கீழ் ஊவாவின் புத்தளைப் பகுதிக்குச் சென்று, பௌத்த விவசாயிகளின் நடுவே 'சுப செத் கெதர' என்னும் சிறு இல்லத்தில் வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்ற அவர் முயன்றாரல்லர். பிக்குமாரோடு நட்புப் பூண்டார். நிலத்தை இழந்த உழவரின் பக்கம் நின்றார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், அவ்வில்லத்திலே திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நிறைவாழ்வு என்பது நீண்ட வாழ்வோ வசதியான வாழ்வோ அன்று. பிறருக்காகத் தன்னை முழுமையாகக் கொடுத்த வாழ்வு என்பதை அம்மரணம் உணர்த்தியது.

கொடுமையான சோதனை மீண்டும் ஒருமுறை வந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்களும், மக்கள் வழிபட்ட கோயிலும் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர், திரும்பி வந்தபோது வீட்டையும் காணவில்லை, பெற்றோரையும் காணவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது; மாற்று இடமோ உரிய காலத்தில் அமையவில்லை. இத்தகைய துன்பத்தைக் கடவுளின் சித்தம் என்று எளிதாகக் கூறிவிடுதல் விசுவாசம் ஆகாது. மனிதர் செய்யத் தவறியதைக் கடவுளின் மேல் சுமத்துதல் அது. அழுகின்றவரோடு அழுதலும், புதையுண்டவரைப் பெயர் பெயராக நினைத்தலும், உயிரோடிருப்போர்க்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் கேட்டலுமே விசுவாசத்தின் கடமை.

அப்படியாயின் துன்பத்தின் நடுவே நிறைவு எங்கே இருக்கின்றது? புனித பவுல், பிலிப்பி நகரத்தாருக்கு மகிழ்ச்சி நிறைந்த தம் நிருபத்தை எழுதியது விலங்கு பூட்டப்பட்ட நிலையிலேயே. அவர் சிறையை நல்லது என்று சொல்லவில்லை; விலங்கைப் புகழவுமில்லை. சிறையினால் தம்மைச் சிறியவராக்க இயலாது என்றே காட்டினார். இவ்வேறுபாட்டை நாம் நன்கு உணர்தல் வேண்டும். வறுமை நல்லதென்று போதிப்பது ஒன்று. வறுமையிலும் மனிதன் குறைந்தவன் அல்லன் என்று போதிப்பது வேறொன்று. முன்னையது லயத்தின் ஒழுகும் கூரையை அப்படியே விட்டுவிடும். பின்னையது, அக்கூரையின் கீழ் வாழ்பவருக்கு அதனை மாற்றும் துணிவைத் தரும்.

நேயர்களே, நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகும் அயலாரையும், சாவு வீட்டிற்குச் சாதி சமயம் பாராமல் திரளும் லயத்தாரையும் ஊவாத் தோட்டங்களில் இன்றும் காணலாம். இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய பண்பன்று. ஆனால் கிறிஸ்தவன் இதிலே தன் மேய்ப்பனின் குரலைக் கேட்கின்றான். ஆகவே அவனுடைய விசுவாசத்தை அளக்கும் கோல் ஆலயத்தின் உயரம் அன்று. தராசிலே கொழுந்து குறைந்த நாளிலும் அத்தாயை முழுப்பேராக எண்ணுகின்றானா, அவளுக்கு உரியதை அவளோடு நின்று கேட்கின்றானா என்பதே அதனை அளக்கும் கோலாகும்.