கார்டு போனால் விசா போகாது: பிரிட்டனில் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் பிள்ளைகளைப் பிரிட்டனுக்கு அனுப்பியுள்ள பெற்றோர் ஜும்ஆ முடிந்ததும் எங்களிடம் கேட்கும் கேள்வி: "ஹஜ்ரத், விசா கார்டு முடிந்துவிட்டதாமே, பிள்ளை ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா?"

பதற வேண்டாம். பிஆர்பி எனப்படும் அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை 31.12.2024 உடன் முடிந்தன. முடிந்தது கார்டுதான். அனுமதிக் காலம் மீதமிருந்தால் தங்கும் உரிமை அப்படியே இருக்கிறது; இனி அதற்கு ஆதாரம் இ-விசா.

அதைப் பார்க்க, பிரிட்டன் அரசின் இணையதளத்தில் யுகேவிஐ கணக்கு தொடங்க வேண்டும். கட்டணம் கிடையாது. வேலை கொடுப்பவருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் காட்ட அதிலேயே 'ஷேர் கோடு' எடுக்கலாம். 90 நாள் செல்லும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய பாஸ்போர்ட் விவரத்தைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போதே சிக்கல் வரலாம்.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? பிரிட்டனில் தகுதிபெற்ற வழக்கறிஞரோ, குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவரோதான் இந்த ஆலோசனை தரலாம். தகுதியில்லாதவர் தருவது அங்கே குற்றம். "நம்ம ஊர்க்காரர், தொழுகையாளி" என்பது இதற்குத் தகுதி ஆகாது. எங்களிடம் துஆ கேளுங்கள். விசாச் சட்டத்தை அறிந்தவரிடம் கேளுங்கள். கணக்கின் பாஸ்வேர்டு அமானிதம். ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.

இன்றிரவு போனில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கும்போது, "கணக்கில் புது பாஸ்போர்ட் ஏத்திட்டியா?" என்றும் கேளுங்கள்.