தாங்கியின் வாயில் நிற்பவர்

புகலிடத்தில் எம்மவர்களிடம் 'கிளீனிங் வேலை' என்று சொன்னால், ஒன்றில் அலுவலகத்தில் தூசி தட்டுவது, அல்லது ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுவது. நான் செய்வதும் கழுவுகிற வேலைதான். ஆனால் நான் கழுவும் கோப்பைக்குள் ஆள் இறங்கவேண்டும். எண்ணெய்த் தாங்கி, மாட்டுத்தீன் கொட்டும் சைலோ, கழிவுநீர்க் குழி என்று இங்கிலாந்துத் தொழிற்சாலைகளின் வயிற்றுக்குள் இறங்கி, அடியில் தேங்கியதை அள்ளி வெளியேற்றுவது எங்கள் குழுவின் வேலை. ஊரில் இரசாயனம் படிப்பித்தவன் நான். இக்கட்டுரையைப் பழைய தொழிலின் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய இடங்களுக்கென்று பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. அவை சொல்லும் 'அடைபட்ட இடம்' என்பது சின்ன இடம் அல்ல. லொறி நுழையக்கூடிய தாங்கியும், மேலே மூடியில்லாத குழியும்கூட அதற்குள் அடங்கலாம். பெரும்பாலும் அடைபட்டிருப்பதும், அதனால் தீ, நச்சுவாயு, ஒட்சிசன் குறைவு, திடீரென ஏறும் திரவம், சரிந்து மூடும் தானியம், கடும் வெப்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு ஆபத்து எதிர்பார்க்கக்கூடியதாய் இருப்பதும்தான் கணக்கு. விதிகளின் முதல் கட்டளை, இறங்காமல் செய்ய முடியுமானால் இறங்காதே என்பது. இறங்கத்தான் வேண்டுமென்றால், முதல் ஆள் உள்ளே போகுமுன்பே மீட்கும் ஏற்பாடு தயாராய் இருக்கவேண்டும். தீயணைப்புப் படைக்கு ரெலிபோன் எடுக்கலாம் என்று நினைத்திருப்பது ஏற்பாடாகாது.

இனி இரசாயனத்துக்கு வருகிறேன். சாதாரண காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 20.9 வீதம். எங்கள் மீற்றர் 19.5இல் கத்தத் தொடங்கும். ஏன் மீற்றர் வேண்டும், மூச்சு முட்டினால் தெரியாதா என்று புதிதாய் வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. மூச்சுத் திணறும் உணர்வை உடலுக்குக் கொடுப்பது பெரும்பாலும் சேர்ந்துவிட்ட காபனீரொட்சைட்டுத்தானே ஒழிய ஒட்சிசன் இல்லாமை அல்ல. இரும்புத் தாங்கியை ஈரத்தோடு மாதக்கணக்கில் மூடிவைத்தால், துருப்பிடிக்கும் இரும்பு ஒட்சிசனைத் தின்றுவிடும். மிஞ்சுவது அநேகமாக நைதரசன். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதைச் சுவாசிப்பவருக்குத் திணறலும் இல்லை. சற்றுக் களைப்பதுபோல் இருக்கும், பிறகு விழுவார். ஒட்சிசன் மிகக் குறைந்த இடத்தில் இரண்டொரு மூச்சே போதும்.

மூக்கை நம்பலாமா? கழிவுக்குழியின் ஐதரசன் சல்பைட்டு மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டைபோல் மணக்கும். ஆனால் பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது அது மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. மணம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று நினைத்து மேலும் இறங்குபவர்கள் உண்டு.

நச்சுப்பொருள் எதையும் எவரும் கொண்டுவராமலே ஒரு குழி நஞ்சாகலாம். 1983இல் டார்பிஷயரில் கார்சிங்ரன் நீர்த்தேக்கம் கட்டப்படும்போது ஒரு குழிக்குள் நான்கு பேர் இறந்தார்கள். வெட்டியெடுத்த களிப்பாறையில் இருந்த இரும்புக் கந்தகக் கனிமம் காற்றுப்பட்டு அமிலமாகியது. வடிகாலுக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக்கல்லில் அந்த அமிலம் பட்டுக் காபனீரொட்சைட்டு உண்டாகி, காற்றிலும் பாரமானதால் பள்ளத்தில் தேங்கியது. அமிலமும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை எங்கள் சாதாரணதர மாணவன் தூக்கத்திலும் எழுதுவான்.

ஊரில் பாவிக்காத கிணற்றுக்குள் இறங்குமுன் விளக்கொன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் அரைகுறையான சோதனை. தண்ணீர் இறைக்கும் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் சேரும் காபனோரொட்சைட்டுக்கு விளக்கு அணையாது, ஆள்தான் அணைவார். இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். ஊரில் மலக்குழி இறைக்க வந்தவர்களைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றோம். அவர்கள் அந்தக் குழிக்குள் எதைச் சுவாசித்தார்கள் என்று இந்த இரசாயன விரிவுரையாளன் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே நானே இறங்கியபிறகுதான் கேள்வி வந்தது.

எங்கள் வேலையில் இறங்குபவரைவிட முக்கியமானவர் வாயில் நிற்பவர். 'ரொப் மான்' என்பார்கள். கயிற்றையும் கப்பியையும் பார்த்துக்கொண்டு, உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை அவருக்கு இருக்கக்கூடாது. எந்த நிலையிலும் அவர் இறங்கக்கூடாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் விடுத்த எச்சரிக்கையில், இப்படியான இடங்களில் இறப்பவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று கூறியிருந்தது.

அந்தக் கணக்கை நான் வாசித்திருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் நான்தான் ரொப் மான். பேர்மிற் தாளில் ஒட்சிசன் 20.9 என்று எழுதியிருந்தது. மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்கவேண்டிய இடத்தில் மூன்றுக்கும் அதே எண். முதல்நாள் வேறொரு தாங்கிக்கு எழுதியதைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மீற்றர் சார்ஜில் கிடந்தது. "சேர், கெதியாப் போடுங்கோ, சுப்பவைசர் கத்தப்போறான்" என்றார் இறங்க நின்ற தம்பி. போட்டேன். பரீட்சைத் தாளில் இப்படி மூன்று எண்ணைக் கண்டிருந்தால் மாணவனைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன்.

தம்பி ஏணியால் இறங்கி, இரண்டு தரம் அள்ளி, களைத்தவர்போல் அடியில் குந்தினார். பிறகு சரிந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது அவருடைய பெயர் அல்ல. வழக்கு முடியாததால் வேறொருவரின் பெயரில் வேலை செய்துகொண்டிருந்தார். அதை அறிந்தும் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தினேன். என் கால் ஏணியில் இருந்தது. பின்னாலிருந்து சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தவர் எங்களோடு வேலை செய்யும் கானா நாட்டு முதியவர். ஒன்றும் பேசாமல் கப்பியைச் சுற்றத் தொடங்கினார். பட்டியும் கயிறும் தம்பியின் உடம்பில் இருந்தன. அதனால் அவர் வந்து சேர்ந்தார். பிறகு மீற்றரை இறக்கிப் பார்த்தோம். அடியில் 9.

வெப்பத்தால் மயக்கம் என்று பதிந்தார்கள். அடுத்தநாள் ஏஜென்சி தம்பியைக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

பாரதூரமான உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகுபவரைத் தண்டிக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டம், 44ஆம் பிரிவு சொல்கிறது. 2021 மே 31 முதல் அது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமன்றி ஏஜென்சிக்காரர் போன்ற ஏனைய தொழிலாளர்களுக்கும் விரிந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலாளியின் கடமை தன் ஊழியரல்லாதவர்கள் வரைக்கும் நீள்கிறது. நல்ல சட்டங்கள். ஆனால் சொந்தப் பெயரைச் சொல்ல முடியாதவர் எந்தப் படியேறி இதைக் கேட்பார்? தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள், விசா உள்ளவர்கள், நாங்கள்தான். நாங்களும் 'எங்களுக்கேன்' என்று போட்டுவிடுகிறோம்.

இப்போது மீற்றரை நானே இறக்கிப் பார்க்காமல் பேனையை எடுப்பதில்லை. சுப்பவைசர் 'புரொபெசர்' என்று நையாண்டி பண்ணுகிறார். பத்து நிமிடம் பிந்துகிறதாம். புதிதாய் வரும் தம்பிமாரிடம் முதலில் கேட்பது சொந்தப் பெயரை. முதல்நாள் தயங்குவார்கள். இரண்டாம் மூன்றாம் நாள், தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாய்ச் சொல்வார்கள்.