'டவுஸ்' என்றால் நனைப்பதா, அணைப்பதா?

ஆங்கிலச் செய்தியில் தீயணைப்பு வீரர்கள் தீயை 'டவுஸ்' செய்திருப்பார்கள். இன்னொரு செய்தியில் யாரோ ஒரு பைக்கை பெட்ரோலால் 'டவுஸ்' செய்து கொளுத்தியிருப்பார்கள். அணைக்கவும் அதே சொல், கொளுத்துவதற்கு முன்பும் அதே சொல்லா?

ஆமாம். திரவத்தை நிறைய ஊற்றி முழுக்க நனைப்பதுதான் 'டவுஸ்'. நனைவது நெருப்பு என்றால் அணையும். நனைவது பைக், ஊற்றுவது பெட்ரோல் என்றால் கதையே வேற. அதனால் எது நனைகிறது, எதனால் நனைகிறது என்று பார்த்தால் போதும். இதில் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்ம ஊரில் விளக்கையும் அணைக்கிறோம், குழந்தையையும் அணைக்கிறோம்!

'டிரெஞ்ச்' என்பது தொப்பலாக நனைவது மட்டும். தீயை அணைப்பதற்கு அது வராது. 'குவென்ச்' தாகத்தையும் தணிக்கும், தீயையும் தணிக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்குவதும் அதே 'குவென்ச்'தான்.

'எக்ஸ்டிங்விஷ்' தனி ரகம். அணைப்பது என்பதுதான் அர்த்தம், தண்ணீர் கட்டாயமில்லை. ஆபீஸ் சுவரில் தொங்கும் எக்ஸ்டிங்விஷரில் பவுடரோ, கார்பன் டை ஆக்சைடோகூட இருக்கலாம்.

கிச்சனில் இந்த வித்தியாசம் உயிர் காக்கும். கடாயில் எண்ணெய் தீப்பிடித்தால் 'எக்ஸ்டிங்விஷ்' பண்ணணும், தண்ணீரால் 'டவுஸ்' பண்ணவே கூடாது. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, சட்டென ஆவியாகி, எரியும் எண்ணெயை வெளியே வீசியடிக்கும். அடுப்பை நிறுத்திவிட்டு, பொருத்தமான தட்டால் கடாயை மூடினால், காற்று கிடைக்காமல் தீ அணைந்துவிடும். சூடு ஆறும்வரை தட்டைத் திறக்க வேண்டாம்.