இடுப்பில் ஒரு இன்சுலின் பம்ப்

மானாம்பதிப் பக்கம் 'சுகர்' என்றால் அறுபது வயதுப் பெரியவர், சர்க்கரை போடாத டீ, மாத்திரை. பத்து வயதுப் பிள்ளைக்குச் சுகர் என்றால், "நிறைய மிட்டாய் தின்னானா?" என்பார்கள். மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வரும் இந்த முதல் வகை நீரிழிவில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரையால் ஈடுகட்ட முடியாது. தினமும் நாலைந்து ஊசி, ஆயுசுக்கும்.

அந்த ஊசிகளின் வேலையைச் செய்வதுதான் பம்ப். 1960களில் அமெரிக்காவில் ஆர்னால்டு காடிஷ் செய்த முதல் பம்பை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இப்போது பழைய பட்டன் போன் அளவு. உள்ளே இன்சுலின் குப்பி, அதிலிருந்து மெல்லிய டியூப், அதன் நுனி வயிற்றுத் தோலுக்கடியில். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றிக் குத்திக்கொள்ள வேண்டும். பம்ப் இரவும் பகலும் துளித்துளியாக இன்சுலினை இறக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் நாம் பட்டனைத் தட்ட வேண்டும். நாலு இட்லியில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. 15 கிராமுக்கு 1 யூனிட் இன்சுலின் என்று டாக்டர் சொல்லியிருந்தால் 3 யூனிட். இந்தக் கணக்கு தெரியாத வீட்டில் பம்ப் வெறும் பொம்மை.

சென்சாரோடு சேர்ந்த பம்புகள் சர்க்கரை அளவைப் பார்த்துத் தாமே கூட்டிக் குறைக்கும். 2016இல் அமெரிக்காவில் அப்படியொன்றுக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அதற்கும் சாப்பாட்டுக் கணக்கை நாம்தான் சொல்ல வேண்டும்.

விலை லட்சக்கணக்கில், டியூப், குப்பிச் செலவு மாதாமாதம். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் முதலில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்குச் செலவிடுங்கள் என்பேன்.

ஒரு விஷயத்தில் அசந்துவிடக் கூடாது. பம்பில் இருப்பது சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டுமே. டியூப் மடங்கி அடைத்தால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும்: வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. உயிருக்கே ஆபத்து. அதனால் பம்ப் போட்டவர் வீட்டிலும் சிரிஞ்சும் இன்சுலினும் இருந்தாக வேண்டும். இன்னொன்று, நம் ஊரில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பம்ப் மில்லிக்கு 100 என்றே கணக்குப் போடும். 40ஐ ஊற்றினால் பாதி மருந்துகூட உடம்பில் சேராது.

கிணற்றில் குதிக்கும் பிள்ளை பம்பைக் கழற்றி வைக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் கிணற்றுச் சுவர்மேல் வைத்தால் உள்ளிருக்கும் இன்சுலின் கெட்டுவிடும். நிழலில் வைக்கட்டும்.