பவளம் வெளுத்தால்

திருப்பூரில் வளரும் நமக்கு வெளுப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னி வந்த பனியன் துணி முதலில் சலவைப்பட்டறைக்குப் போகும். அங்கே வெளுத்த பின்புதான் சாயப்பட்டறையில் அதற்கு நிறம் ஏறும். கடலுக்கு அடியிலும் ஒரு வெளுப்பு உண்டு என்பதை, மன்னார் வளைகுடாவுக்குக் கல்விச் சுற்றுலா சென்றபோதுதான் அறிந்தோம்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கடலில் 21 தீவுகள் இருந்தன. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986 ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. அவற்றுள் ஒன்றான குருசடைத் தீவுக்குக் காலையில் பாம்பன் அருகிலிருந்து படகில் சென்றோம். அலையோரம் இரை தேடும் உள்ளான் பறவைகளையும், காலிச் சங்கைச் சுமந்து நடக்கும் நண்டுகளையும் கண்டோம். கடற்புல் மேயும் கடற்பசுவை இப்பகுதி மீனவர்கள் ஆவுளியா என்பர். அது எங்கள் கண்ணில் படவில்லை.

பூங்காவில் நினைத்த இடத்தில் நீந்த முடியாது. ஆகவே பிற்பகலில் பாக் நீரிணைப் பக்கம் சென்று, பயிற்சியாளர் துணையுடன் மிதவைச் சட்டை அணிந்து கடலில் இறங்கினோம். கண்ணுக்குக் கண்ணாடிக் கவசம். வாயில் வளைந்த குழாய். குழாயின் மேல்முனை நீருக்கு வெளியே இருப்பதால் முகத்தை அமிழ்த்தியபடியே மூச்சு விடலாம். குழாய் நீளமாக இருந்தால் இன்னும் ஆழம் போகலாமே என்று கேட்டோம். ஆழத்தில் நீர் மார்பை அழுத்தும். விட்ட மூச்சே குழாயில் தங்கித் திரும்ப உள்ளே வரும். அதனால்தான் அது ஏறக்குறைய ஓர் அடி நீளமே இருக்கிறது என்று விளக்கினார்கள்.

சற்று நேரத்தில் எங்களில் ஒருத்தி களைத்துப்போய், கீழே தெரிந்த பாறைமீது காலை ஊன்றப் போனாள். பயிற்சியாளர் பதறித் தடுத்தார். அது பாறையன்று, பவளம்!

பவளப்பாறை என்பது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்துத் தருகிறது. பவளம் அதற்கு இடம் தருகிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் இப்பாசியே காரணம். கடல்நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் பாசியை வெளியேற்றிவிடும். உடனே அது வெளுத்துப்போகும். விரைவில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது.

முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியும் எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் குறைந்ததால், பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. 2001 முதல் பவளத்துக்கும் புலியைப் போலவே சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பு உண்டு. வெட்டுவதைச் சட்டம் தடுக்கலாம். வெப்பத்தை எந்தச் சட்டம் தடுக்கும்? நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைத்தால்தான் கடலின் சூடு தணியும். நம் ஊர் நிறுவனங்கள் பல காற்றாலை மின்சாரத்துக்கு மாறியிருப்பது அதற்கு ஒரு சிறு உதவி.

தோழியரே, நம் ஊரில் துணி வெளுத்தால் அதற்கு நிறம் கொடுக்கச் சாயப்பட்டறை இருக்கிறது. பவளம் வெளுத்தால் அதற்குச் சாயமேற்ற யாராலும் முடியாது. கடலுக்குச் செல்லும்போது கண்ணால் பாருங்கள். கையையும் காலையும் விலக்கியே வையுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவியர்