உருக்காமலே உருவாகும் இரும்பு பாகங்கள்: மின்சார வாகனங்களால் தூள் உலோகவியலுக்கு என்ன சவால்?

கார் என்ஜினில் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் பல்சக்கரமும், ஆயில் பம்ப்பின் சுழலியும் பல வாகனங்களில் இரும்பை உருக்கி வார்த்தவை அல்ல. இரும்புத்தூளை அச்சில் அழுத்திச் சுட்டு எடுக்கப்பட்டவை. தூள் உலோகவியல் எனப்படும் இத்தொழில்நுட்பத்தின் மிகப்பெரிய வாடிக்கையாளர் வாகனத் துறையே ஆகும். என்ஜினே இல்லாத மின்சார வாகனங்கள் பெருகிவரும் நிலையில், இத்தொழில் புதிய சந்தையைத் தேட வேண்டிய கட்டாயம் எழுந்துள்ளது.

இம்முறையில் இரும்புத்தூளுடன் சிறிதளவு செம்பு, கிராஃபைட், மெழுகு போன்ற மசகுப்பொருள் ஆகியவை கலக்கப்படுகின்றன. கலவை அச்சில் நிரப்பப்பட்டு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 7 டன் வரையிலான விசையில் அழுத்தப்படுகிறது. அப்போது கிடைக்கும் பாகம் வடிவம் பெற்றிருக்குமே தவிர, கையால் உடைத்துவிடக் கூடியது. அதற்கு வலிமை தருவது உலை. ஏறத்தாழ 1,120 டிகிரி செல்சியஸில் துகள்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. இரும்பு உருக 1,538 டிகிரி தேவை என்பதால் பாகத்தின் வடிவம் குலைவதில்லை. ஆனால் 1,085 டிகிரியிலேயே உருகிவிடும் செம்பு, துகள்களுக்கு இடையே பரவிப் பிணைப்பை வலுப்படுத்துகிறது. ஆக்சிஜன் புகுந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் உலைக்குள் நைட்ரஜன், ஹைட்ரஜன் வாயுக்கள் செலுத்தப்படுகின்றன.

கடைசல் வேலையில் சுருள் சுருளாக வீணாகும் இரும்பு இங்கு மிச்சமாகிறது. அதே நேரத்தில், அச்சின் விலை அதிகம் என்பதால் சில நூறு பாகங்களுக்கு இம்முறை கட்டுப்படியாகாது.

நுண்துளைகளே இதன் பெரும் குறை. திட இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம், அழுத்திச் சுட்ட பாகத்தில் அது பெரும்பாலும் 7 கிராம் அளவிலேயே நிற்கிறது. தொடர் அதிர்வில் விரிசல் இத்துளைகளில்தான் தொடங்கும். எனவே கனெக்டிங் ராடு போன்ற பாகங்கள் சுட்டபின் சூட்டோடு மீண்டும் அடித்து இறுக்கப்படுகின்றன. டேபிள் ஃபேனின் வெண்கல புஷ்ஷிலோ இதே துளைகள் எண்ணெயைத் தேக்கி வைத்து உதவுகின்றன.

மின்சார வாகனங்களிலும் ஷாக் அப்சார்பர் பாகங்களுக்குத் தேவை தொடரும். மோட்டாரின் உட்கருவுக்கும் இரும்புத்தூள் பயன்படுகிறது. ஆனால் அங்கு ஒவ்வொரு துகள்மீதும் மின்காப்புப் பூச்சு தேவை. அதிகம் சூடாக்கினால் அப்பூச்சு அழிந்துவிடும். துகள்களைப் பிணைத்தே பழகிய ஆலைகளுக்கு, அவற்றைப் பிரித்து வைக்கும் இப்பணி புதியது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் ஹைதராபாதில் இயங்கும் தூள் உலோகவியல் ஆய்வு மையமும் மின்சார மோட்டார்களுக்கான காந்தப் பொருள்களில் ஆய்வு நடத்தி வருகிறது.